கிரீஸ் போடும் நாள்

எங்கள் ஊர் வீட்டுப் புரோக்கருக்கு 'அதுவும் கரெக்ட்' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு ஏதோ இருந்தது. அது இப்போது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். வீட்டை விற்கிறவர், "இந்த வீட்டுக்கு இந்த விலை ரொம்பக் கம்மி" என்பார். "அதுவும் கரெக்ட்" என்பார் இவர். வாங்க வந்தவர் அதே வாசலில் நின்று, "இந்த வீட்டுக்கா இந்த விலை?" என்பார். அதுவும் கரெக்ட்தான். இரண்டு பக்கமும் தலையாட்டி, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கி, போகிற வழியில் என் ஹார்டுவேர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போவார். ஆணி விற்கிறவனுக்கும் பொழுது போக வேண்டுமே, நானும் கேட்டுக்கொள்வேன்.

ஊருக்கு மேற்கே ஒரு நீளமான மேடு. அந்த மேடு முழுக்கக் கரண்ட் எடுக்கிற பெரிய காற்றாடிகள். முதன்முதலில் அவை வந்தபோது நாங்கள் சலவைத் துணி போட்டுக்கொண்டு போய் அதன் காலடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். இப்போது கழுத்து சுளுக்கினால்தான் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அதனால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். இறக்கை ஒன்றை லாரியில் கொண்டு வந்தபோது அது எங்கள் தெருமுனையில் திரும்பவில்லை. உடனே ரோட்டை அகலப்படுத்தினார்கள். முனையில் இருந்த என் தம்பியின் செருப்புக் கடையை இடித்தார்கள். ஊருக்கு நல்ல ரோடு கிடைத்தது. தம்பிக்கு ரோடு மட்டும் கிடைத்தது. யாருடைய நிலத்தில் காற்றாடி நிற்கிறதோ அவருக்கு வாடகை வருகிறது. பக்கத்து நிலத்துக்காரருக்கு நிழல் வருகிறது. அந்த இரண்டு பேரும் அண்ணன் தம்பியாக இருந்தால் போலீசும் வருகிறது. அப்புறம் கரண்ட். எங்கள் தலைக்கு மேலே தயாராகி, எங்கேயோ இருக்கிற பெரிய ஊருக்குப் போகிறது. எங்கள் வீட்டில் கரண்ட் போனால் எல்லோரும் வாசலுக்கு வந்து உட்கார்ந்து, கரண்ட் தயாராவதை வேடிக்கை பார்ப்போம்.

சத்தம் உண்டு. இறக்கை கீழே இறங்கும்போது ஒரு 'வ்ஊஃப்'. பெரிய விரிப்பை யாரோ ஓயாமல் உதறுகிற மாதிரி. சாயங்காலமானால் சூரியன் அதன் பின்னால் போய் நிற்கும். நிழல் ஊருக்குள் வந்து, நடுக்கூடத்தில் வெயிலைத் துண்டு துண்டாக நறுக்கும். டீ குடிப்பவர் ஒரு வாய் வெளிச்சத்தில் குடிப்பார், ஒரு வாய் இருட்டில் குடிப்பார். எனக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கடையில் நாளெல்லாம் கம்பி வெட்டுகிற மிஷின் ஓடுகிறது. அந்தக் காதுக்குக் காற்றாடி எந்த மூலை?

புரோக்கரின் தொழிலே இந்தச் சத்தத்தின் மேல்தான் நின்றது. வீட்டை விற்கிறவரிடம் விலை பேச, காற்று பேயாய் அடிக்கிற சாயங்காலமாகப் பார்த்துப் போவார். போனதும் எதுவும் பேச மாட்டார். சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு 'வ்ஊஃப்'புக்கும் மெதுவாக நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார். நிழல் சுவரில் ஓடினால் கண்ணைக் கசக்குவார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்படித்தான் இத்தனை வருஷம் இருந்தீங்களோ" என்று பெருமூச்சு விடுவார். அந்த மூச்சிலேயே வீட்டின் விலை ஒரு படி இறங்கிவிடும். மிச்சத்துக்கு அவரிடம் சரக்கு இருந்தது. மண்டைக்குள் இடிக்கும். பால் மாடு பால் குறைக்கும். மேலே மினுக்குகிற சிவப்பு விளக்கு மூடின கண்ணுக்குள்ளும் மினுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: நாளாக நாளாக நெஞ்சு தன் துடிப்பை மறந்துவிட்டு இறக்கையின் கணக்கில் துடிக்க ஆரம்பித்துவிடும். இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை. இவராகவே குளித்துக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்தது.

வாங்க வருகிறவர்களுக்கு வேறு நாள். காற்றாடிகளை ஒவ்வொன்றாக முறை வைத்து நிறுத்தி, உள்ளே ஏணியில் ஏறி, போல்ட்டு முடுக்கி கிரீஸ் போடுவார்கள். அந்த வேலைக்கு ஏறுகிறவரை ஊரில் கிரீஸ்காரர் என்போம். அவருக்குக் குறைந்த வாடகையில் வீடு பிடித்துக் கொடுத்தவர் நம் புரோக்கர். அந்த நன்றிக்கு, நாளைக்கு எந்த நம்பர் நிற்கும் என்பது கம்பெனி மேனேஜருக்குத் தெரிவதற்கு முன்னால் புரோக்கருக்குத் தெரிந்துவிடும். நாலாம் நம்பருக்குக் கிரீஸ் என்றால், நாலாம் நம்பர் பக்கத்து வீட்டைப் பார்க்க வெளியூர்க்காரரை வரச் சொல்லிவிடுவார். அவர் வந்து நிமிர்ந்து பார்ப்பார். அது சிலை மாதிரி நிற்கும்.

"இது சுத்துமா?"

"சுத்துங்க. காத்து இருந்தா சுத்தும்."

"சத்தம் எப்படி?"

புரோக்கர் விரலை உயர்த்தி, "நீங்களே கேட்டுக்குங்க" என்பார். எல்லோரும் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். எங்கேயோ ஒரு குருவி கத்தும். இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? நல்ல காற்று, அகலமான ரோடு, எதிரே எவனும் மாடி கட்டி மறைக்க மாட்டான், குடித்துவிட்டு வருகிறவருக்குக்கூடச் சிவப்பு விளக்கு வழி காட்டும் என்று அடுக்கி முடிப்பதற்குள் அட்வான்ஸ் கை மாறிவிடும். மறுநாள் இறக்கை சுற்ற ஆரம்பித்ததும் வாங்கியவர் போன் அடிப்பார். "புது இடம் இல்லையா, அப்படித்தான் தெரியும். பழகிடும்" என்று இவர் வைத்துவிடுவார். பழகியும் விடும். பழகாமல் எங்கே போவது? விற்பதென்றாலும் இவரிடம்தான் வர வேண்டும்.

இப்படி ஊருக்கெல்லாம் வீடு வாங்கிக் கொடுத்தவர் குடியிருந்தது எங்கே என்று கேளுங்கள். மேட்டின் நிழல், சத்தம், விளக்கு எதுவும் எட்டாத கிழக்குக் கோடியில், பழைய குடோனுக்குப் பின்னால், ஒரு வாடகை வீட்டில். கல்யாணம் ஆன நாளிலிருந்து அங்கேதான்.

அந்த வீட்டின் சொந்தக்காரருக்கு ஒரே சட்டம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் அந்த வீட்டில் எதுவும் தொங்காது. காலண்டர் ஜன்னல் கம்பியில் படுத்திருக்கும். கண்ணாடி அலமாரி மேல் சாய்ந்திருக்கும். பெரிய வட்டக் கடிகாரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். யாராவது வந்தால் கடிகாரத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நாற்காலியைக் கொடுப்பார்கள். வந்தவர் எழுந்து போகிற வரைக்கும் அந்த வீட்டில் மணி தரையில் ஓடும்.

புரோக்கரின் வீட்டுக்காரம்மா தையல் வேலை செய்கிறவர். பள்ளிக்கூட யூனிஃபார்ம் மொத்தமும் அவர் மிஷினில்தான். அதிகம் பேச மாட்டார். பேசினால் அளந்து வெட்டின மாதிரி இருக்கும். சொந்த வீடு வாங்கலாம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் புரோக்கர், "விலை இறங்கட்டும்" என்பார். விலையை இறக்குவதும் ஏற்றுவதும் இவரேதான் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாதா என்ன.

இப்படி இருக்கும்போது, நாலாம் நம்பர் காற்றாடிக்கு நேர் கீழே, என் கடைக்கு எதிர் வரிசையில், ரிட்டயர் ஆன நர்ஸ் ஒருவர் தன் வீட்டை விற்கப் போவதாகப் பேச்சு வந்தது. ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஊரில் பாதிப் பேருக்கு அவர் கையால் ஊசி விழுந்திருக்கிறது, அதனால் அவரிடம் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். தைத்த துணியைக் கொடுக்கப் போன வீட்டுக்காரம்மா, சிஸ்டர் வீட்டின் பின்னறையைப் பார்த்துவிட்டார். கிழக்குப் பார்த்த ஜன்னல், மிஷின் போட இடம், எதிரே வெள்ளையாக ஒரு முழுச் சுவர். வீட்டுக்கு வந்து நறுக்கென்று சொல்லிவிட்டார்.

"உங்க வாயால ஊருக்கே வீடு வாங்கிக் கொடுத்தாச்சு. எனக்கு ஒரு ஆணி அடிக்க சுவர் இல்ல. சிஸ்டர் வீட்டை வாங்குறோம்."

புரோக்கர் வழக்கம்போல, "விலை..." என்று ஆரம்பித்திருக்கிறார்.

"அதை நீங்களே இறக்குங்க. அதானே தொழில்."

இதற்கும் தலையாட்டினார். ஆனாலும் தொழில் புத்தி போகுமா? சொந்தக் காசு கொடுத்து வாங்குகிற வீட்டைச் சொன்ன விலைக்கு வாங்கினால் நாளைக்குத் தெருவில் தலை காட்ட முடியுமா? காற்று நன்றாக அடிக்கிற சாயங்காலமாகப் பார்த்து சிஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினார். வீட்டுக்காரம்மா நானும் வருவேன் என்று நின்றார். அவரைக் கூட்டிக்கொண்டு போனதுதான் புரோக்கர் செய்த தப்பு. விற்கிறவர் வீட்டுக்கு அவர் வாங்குகிறவரைக் கூட்டிப் போனதே இல்லை. இந்த முறை வாங்குகிறவர் தன் பெண்டாட்டிதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டார். "நீ வாயத் திறக்காத. மூஞ்சிய உர்ருனு வச்சுக்கோ, போதும்" என்று என் கடை வாசலில் வைத்துத்தான் பாடம் சொன்னார்.

உள்ளே நடந்ததைச் சிஸ்டரே பின்னால் என்னிடம் சொன்னார். அன்றைக்கு நிழல் நன்றாக விழுந்திருந்தது. டீ கொடுத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். புரோக்கர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், கண்ணைக் கசக்கினார், பெருமூச்சு விட்டார். மண்டை இடிக்குமே சிஸ்டர் என்றார். "அதுவும் கரெக்ட்" என்றார் சிஸ்டர். சிவப்பு விளக்கு தூங்க விடாதே என்றார். "அதுவும் கரெக்ட்." தன் சொந்த வார்த்தையே எதிரிலிருந்து வந்ததும் புரோக்கருக்குச் சூடு ஏறிவிட்டது. இருக்கிற சரக்கையெல்லாம் இறக்கினார். செடி வாடும், பல் கூசும், எலி இந்தப் பக்கம் ஓடி வரும், கடைசியாக நெஞ்சு, இறக்கை, துடிப்பு. சொல்லிவிட்டு ஜெயித்த மாதிரி பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், வீட்டுக்காரம்மா மார்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உர்ரென்று இருக்கச் சொன்ன முகம் நிஜமாகவே வெளிறிப் போயிருந்தது. பாவம், விற்கிறவரிடம் பேசுகிற இந்தப் பேச்சை அவர் அதுவரை கேட்டதே இல்லை.

"ஏங்க, அப்போ இந்த வீடு வேண்டாமா?"

புரோக்கர் பதறிவிட்டார். அதெல்லாம் ஒன்றும் இல்லை, நல்ல காற்று, அகலமான ரோடு, எதிரே எவனும் மாடி கட்ட மாட்டான், சத்தம் தாலாட்டு மாதிரி என்று வாங்குகிறவர் பக்கத்துப் பாட்டை முழுக்கப் பாடினார். பாடும்போதே சிஸ்டர் முகத்தில் விலை ஏறுவது தெரிந்தது. உடனே அவர் பக்கம் திரும்பி, ஆனாலும் மண்டை இடிக்கும் என்றார். வீட்டுக்காரம்மா மறுபடி நெஞ்சைத் தொட்டார். இல்லை இல்லை, பழகிவிடும் என்றார் புரோக்கர். கொஞ்ச நேரம் கழுத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காற்றாடியாகச் சுற்றியது. சிஸ்டர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. ரெண்டு பேர்னா நீங்களும் உங்க வீட்டம்மாவும் இல்ல. நீங்களும் நீங்களும்."

இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாவைப் பார்த்து ஒரு வழியும் சொன்னார். தான் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போவதாகவும், சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதாகவும், இங்கேயே தங்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, தூங்கிப் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று சொன்னால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். விலை மட்டும் சொன்னது சொன்னதுதான்.

அப்படித்தான் புரோக்கர், இத்தனை வருஷம் ஊருக்கு விற்ற சத்தத்துக்கு அடியில் தானே குடி வந்தார். தையல் மிஷினும் கூட வந்தது.

வீட்டுக்காரம்மா முதல் நாளே அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். மறுநாள் பகலில் மிஷினை மிதிக்க உட்கார்ந்தால், இறக்கையின் சத்தத்துக்குத் தகுந்த மாதிரி கால் தானாகவே போகிறது என்று என் வீட்டில் வந்து சொன்னார். "நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா?" என்று என் சம்சாரம் கேட்டதற்கு, "நெஞ்சு எங்க போச்சு, கால்தான் போகுது. நாலு சட்டை கூடவே முடிஞ்சுது" என்றாராம்.

புரோக்கர் கதை வேறு. அவருக்குத் தூக்கமே போய்விட்டது. இத்தனை வருஷம் விற்கிறவர்களிடம் சொன்னது ஒவ்வொன்றும் வரிசையில் வந்து அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. மண்டை இடித்தது. பல் கூசியது. மூடின கண்ணுக்குள் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஊரில் யாருக்கும் வராத அந்த நெஞ்சுத் துடிப்பு, அதைக் கண்டுபிடித்தவருக்கு மட்டும் வந்தது. சரக்கும் அவருடையது, இப்போது டெலிவரியும் அவருக்கே.

மூன்றாம் நாள் என் கடைக்கு வந்தார். கண் இரண்டும் தக்காளி. ஜன்னல் இடுக்கில் ஒட்டுகிற ஸ்பாஞ்சுப் பட்டை இருக்கிறதா என்று காதோடு காதாகக் கேட்டார்.

"யாருக்குண்ணே?"

"ஒரு பார்ட்டி. தூங்க முடியலையாம்."

"பார்ட்டிக்குக் கண்ணு ரொம்ப சிவந்திருக்கே."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த வீட்டில் ஒரு வருஷம் இருந்தால் தன்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றார். அண்ணிக்கிட்ட சொல்லிடுங்க, அவங்க ஒரு வார்த்தையில விட்டுடுவாங்க என்றேன் நான். "சொல்லத்தான் போறேன்" என்றார். ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டு, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் யாரிடமும் சொல்லவில்லை. என் சம்சாரத்திடம் மட்டும் சொன்னேன். கட்டின பெண்டாட்டி எப்படி வெளி ஆள் ஆவாள்?

சிஸ்டர் திரும்பி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், வேண்டாம் என்று சொல்லிவிடுவதென்று தீர்மானமாகத்தான் புரோக்கர் வீட்டுக்குள் போயிருக்கிறார். காரணம்கூட நல்லதாக ஒன்று யோசித்து வைத்திருந்தார். சிஸ்டர் சொன்ன விலை ஜாஸ்தி, தொழில்காரன் மானம் போய்விடும் என்று. பின்னறையில் வீட்டுக்காரம்மா கடைசிச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். மிஷினுக்கு எதிரே, அந்த வெள்ளைச் சுவரில், கண் உயரத்தில், பென்சிலால் போட்ட ஒரு சின்னப் பெருக்கல் குறி. அடுத்தவர் சுவர் என்பதால் ஆணி அடிக்கவில்லை. இடம் மட்டும் பார்த்து வைத்திருக்கிறார். அதுவும் லேசாக, வேண்டாம் என்றால் எச்சில் தொட்டு அழித்துவிடுகிற மாதிரி.

வீட்டுக்காரம்மா ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, வியாபாரம் பேசாம ஒரே ஒரு தடவை சொல்லுங்க. உங்களுக்கு அது கேட்குதா?"

வெளியே 'வ்ஊஃப்' என்றது. புரோக்கரின் பார்வை அந்தப் பென்சில் குறியில் இருந்தது.

"எது?" என்றார்.

"காத்தாடி."

"ஓ, அதுவா. எனக்கு ஒண்ணும் தெரியல."

எத்தனையோ வீட்டு வாசலில் எத்தனையோ சொன்ன மனுஷன். கமிஷன் இல்லாமல் அவர் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

வீடு சிஸ்டர் சொன்ன விலைக்கே போனது. எங்கள் ஊரில் பேரம் பேசாமல், சொன்ன விலைக்கே வாங்கப்பட்ட ஒரே வீடு புரோக்கர் வீடு என்று இன்றைக்கும் பேச்சு. சிஸ்டர், தன் மகள் ஊருக்குக் கிளம்பும்போது என் கடையில் வண்டியை நிறுத்தி, "பாவம், ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜெயிச்சுட்டார்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

சாவி கைக்கு வந்த அன்றைக்கே வீட்டுக்காரம்மா என் கடைக்கு ஆணி வாங்க வந்தார். கடிகாரத்துக்கு வேண்டிய அளவில் எடுத்துக் காட்டினேன். அவர் டப்பாவைத் துழாவி விரல் நீளத்துக்கு ஒன்றை எடுத்தார்.

"கடிகாரத்துக்கு இது ரொம்பப் பெரிசு அண்ணி."

"இருக்கட்டும். இத்தனை வருஷம் அடிக்காததுக்கும் சேர்த்து."

அதற்கு நான் காசு வாங்கவில்லை. இதைச் சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

புரோக்கர் பழைய வாடகை வீட்டை விடவில்லை. ஆபீஸ் ஆக்கிவிட்டேன் என்றார். இத்தனை வருஷம் என் கடை ஸ்டூலே ஆபீஸாக இருந்தவருக்குத் திடீரென்று என்ன ஆபீஸ் என்று ஊர் ஆச்சரியப்பட்டது. போர்டு எழுதி வாங்கினார். அங்கேதான் ஆணி அடிக்கக் கூடாதே, அதனால் கடிகாரம் காலி செய்த நாற்காலியிலேயே போர்டைச் சாய்த்து வைத்தார். மத்தியானம் சாப்பிட்டதும் ஆபீசுக்குக் கிளம்புவார். முக்கியமான பார்ட்டி என்று உள்ளே தாழ் போட்டுக்கொள்வார். அந்த வழியாகப் போகிறவர்கள், பார்ட்டி நன்றாகக் குறட்டை விடுகிறது என்று வந்து சொல்வார்கள்.

தொழிலும் ஆடிப் போனது. விற்கிறவர் வீட்டில் போய் உட்கார்ந்து முன்பு மாதிரி பெருமூச்சு விடப் பார்த்தார். 'எப்படித்தான் இருக்கீங்களோ' என்று ஆரம்பித்தால், 'நீங்க நாலாம் நம்பருக்குக் கீழதானே இருக்கீங்க, நீங்க எப்படி இருக்கீங்க?' என்று திருப்பிக் கேட்கிறார்கள். இதற்கு 'அதுவும் கரெக்ட்' என்று எப்படிச் சொல்வது?

நாலாம் நம்பருக்குக் கிரீஸ் போடுகிற நாள் மட்டும் வேறு. முன்பெல்லாம் அதுதான் அவருக்குத் தங்க நாள். அன்றைக்கு மூன்று பார்ட்டியாவது கூட்டி வருவார். இப்போது கிரீஸ்காரர் முதல் நாளே வந்து காதில் சொன்னதும், எல்லாப் பார்ட்டியையும் வேறு நாளுக்குத் தள்ளிவிடுவார். போனை அணைத்துவிடுவார். காலையில் இறக்கை நின்றதும் சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தால் கிரீஸ்காரர் இறங்குகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

போன தடவை அப்படி ஒரு நாள், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வெளியூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிஸ்டரின் பழைய வீட்டுக்கு அடுத்த வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, புரோக்கர் போன் எடுக்காததால் நேராகவே வந்துவிட்டார்கள். என் கடையில் நின்று விசாரித்தார்கள். ஸ்டூலில் புரோக்கரின் வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தார். கிரீஸ் நாளில் அவருக்கு வேலை ஓடாது. மிதிக்கிற கால் இடம் தெரியாமல் தடுமாறுகிறதாம். வீட்டில் யாரோ ஊருக்குப் போன மாதிரி இருக்கிறதாம். அதனால் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற துணியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார். கம்பி வெட்டுகிற மிஷின் சத்தமாவது கேட்கட்டும் என்று.

வந்த பெண் நிமிர்ந்து நாலாம் நம்பரைப் பார்த்தது. அது சும்மா நின்றது.

"பரவாயில்லையே, சத்தமே இல்ல. எல்லாரும் சும்மா பயமுறுத்துறாங்க" என்றது புருஷனிடம்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. பேச்சு வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். என்ன இருந்தாலும் புரோக்கர் நம் ஆள், பிழைப்பு இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரம்மா ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தார்.

"இன்னைக்குப் பார்க்காதீங்கம்மா. இன்னைக்கு கிரீஸ் போடுறாங்க, அதான் நிக்குது. நாளைக்கு வாங்க. சாயங்காலமா வந்து உட்கார்ந்து பாருங்க."

"அப்போ சத்தம் வருமா?"

"வரும். நிழலும் வரும். எனக்கு அது இல்லாட்டி கை ஓடாது. சில பேருக்குத் தூக்கம் போயிடும். நீங்க எந்த ரகம்னு வந்து இருந்து பார்த்தாதான் தெரியும்."

அந்தப் புருஷன் அவர் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரருக்கு எப்படிங்க?"

வீட்டுக்காரம்மா எதிர் வரிசையைப் பார்த்தார். திறந்த ஜன்னலில் திரை அசையாமல் தொங்கியது. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் தெருவைத் தாண்டி, மிஷின் சத்தத்தையும் மீறி என் கடை வரைக்கும் வந்தது.

"அவருக்கு ஒண்ணும் தெரியலம்பார்" என்றார். பிறகு குரலை இறக்கி, "கொஞ்சம் மெதுவா பேசுங்க. கிரீஸ்காரர் இறங்குறதுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார்.

நான் எழுந்து போய்க் கம்பி வெட்டுகிற மிஷினை நிறுத்தினேன்.